சேவல், புறா, காளை, யானை: தேர்தல் சின்னங்களில் விலங்குகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1989 சட்டமன்றத் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கும் ஒரு செய்தி உண்டு. அ.தி.மு.க.வை எதிர்த்து அ.தி.மு.க.வே நின்றது, ஒரு தரப்புக்குச் சேவல், இன்னொரு தரப்புக்கு இரட்டைப் புறா. "கட்சிச் சின்னமாகச் சேவலா?" என்று கேட்பார்கள். அதில் தொடங்கும் பேச்சு காளை, பசு, யானை, சிங்கம் என்று எங்கெங்கோ போகும். அப்படி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கட்சிக்குப் பெயர் இருக்கிறதே, சின்னம் எதற்கு? அதிலும் விலங்கு எதற்கு?

1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு ஏறத்தாழ 18 சதவீதம்தான். அந்த நாட்டில் 17 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு வாக்குரிமை கொடுத்து 1951-52ல் முதல் பொதுத்தேர்தலை நடத்தினார்கள். வாக்காளரில் பெரும்பாலோருக்கு வேட்பாளரின் பெயரைப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். சீட்டில் எதையும் எழுத வேண்டாம், முத்திரையும் குத்த வேண்டாம். பிடித்த சின்னம் ஒட்டிய பெட்டியில் போட்டுவிட்டு வரலாம்.

அதற்கு முன்பு சென்னை மாகாணத்தில் நிறத்தை வைத்து அடையாளம் சொன்னார்கள். 1937 தேர்தலில் காங்கிரஸுக்கு மஞ்சள் பெட்டி. "மஞ்சள் பெட்டி" என்ற சொல்லே காங்கிரஸைக் குறிக்கும் அளவுக்கு ஊர் ஊராகப் பரவியது. ஆனால் கட்சிகள் பெருகப் பெருக நிறங்கள் போதாது. படம்தான் வழி. அந்தப் படமும் குக்கிராமத்தில் இருப்பவர் தினம் பார்க்கிற பொருளாக இருக்க வேண்டும். மரம், குடிசை, விளக்கு, கதிர் அரிவாள் வந்தது அப்படித்தான், மாடும் யானையும் வந்தது அப்படித்தான்.

முதல் தேர்தலில் எந்தெந்த விலங்குகள் இருந்தன?

எல்லாவற்றிலும் பெரியது காங்கிரஸின் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்கு யானை. ஃபார்வர்டு பிளாக்கின் ஒரு பிரிவுக்குச் சிங்கம். இந்து மகாசபைக்குக் குதிரை மேல் வீரன். ஃபார்வர்டு பிளாக்கின் இன்னொரு பிரிவுக்கு மனிதக் கை கிடைத்தது. அந்தக் கை பிற்காலத்தில் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அடுத்த பதிலில் வருகிறேன்.

இந்தப் படங்களைப் பற்றிப் பேசும்போது எம்.எஸ். சேத்தி என்ற பெயரைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வராது. தேர்தல் ஆணையத்தில் வரைவாளராக வேலை பார்த்தவர். பின்னாளில் நாம் வாக்குச்சீட்டில் பார்த்த சின்னங்களில் ஏராளமானவை அவர் பென்சிலால் வரைந்தவை. சிறிய கட்டத்துக்குள், கறுப்பு வெள்ளையில், மங்கிய அச்சிலும் அடையாளம் தெரியும்படி ஒரு உருவத்தை வரைவது லேசான வேலை கிடையாது.

காங்கிரஸின் காளைகள் எங்கே போயின?

கட்சி உடைந்தபோது போயின. 1969ல் காங்கிரஸ் இரண்டானது. இந்திரா காந்தி ஒரு பக்கம். காமராஜர், நிஜலிங்கப்பா, மொரார்ஜி தேசாய் இன்னொரு பக்கம். காளைகள் யாருக்கு என்று வழக்கு நடந்துகொண்டிருந்ததால் 1971 தேர்தலில் இரு தரப்புக்கும் அவை கிடைக்கவில்லை. இந்திரா தரப்பு பசுவும் கன்றும் வாங்கியது. பழைய காங்கிரஸுக்கு ராட்டை சுற்றும் பெண்.

காமராஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் காளைச் சின்னத்தில் ஜெயித்தார். இரண்டே வருடத்தில் அதே நாகர்கோவிலில், அதே காமராஜர், "காளைக்குப் போடாதீர்கள், ராட்டைக்குப் போடுங்கள்" என்று கேட்க வேண்டிய நிலை. அவர் மறுபடியும் ஜெயித்தார் என்பது வேறு விஷயம். ஆனால் இருபது வருடமாகக் காளையையே பார்த்துப் பழகிய ஒரு பாட்டிக்கு இதை எப்படிப் புரியவைத்திருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

பசுவும் கன்றும் இந்திராவிடம் நெடுநாள் நிற்கவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் பசு இந்திரா, கன்று சஞ்சய் என்று எதிர்க்கட்சிகள் கேலி பேசின. 1978ல் கட்சி மறுபடி உடைந்ததும் அந்தச் சின்னமும் கையை விட்டுப் போக, இந்திரா தரப்பு கைச் சின்னத்தை எடுத்தது. அப்போது ஆணையம் தந்த பட்டியலில் கை, யானை, சைக்கிள் மூன்றும் இருந்தன என்றும், தொலைபேசியில் பேசியபோது இந்தியில் கையைக் குறிக்கும் 'ஹாத்' யானையைக் குறிக்கும் 'ஹாத்தி' போலக் கேட்டுக் குழப்பமாகிவிட்டது என்றும் டெல்லியில் ஒரு கதை சொல்வார்கள்.

1989ல் சேவலும் புறாவும் எப்படி எதிரெதிரே நின்றன?

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று காலமானார். அடுத்த மாதமே கட்சி இரண்டாகிவிட்டது. வி.என். ஜானகி முதல்வரானார். 1988 ஜனவரி 28 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பின்போது சட்டமன்றத்திலேயே அடிதடி. இரண்டு நாளில் ஆட்சி கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. பத்திரிகைகள் ஜெயலலிதா தரப்பை 'ஜெ. அணி', ஜானகி தரப்பை 'ஜா. அணி' என்று எழுதத் தொடங்கின.

இருவருமே இரட்டை இலையைக் கேட்டார்கள். கேட்காமல் எப்படி இருப்பார்கள்? 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் ஜெயித்த நாளிலிருந்து இரட்டை இலை என்றால் எம்.ஜி.ஆர்., எம்.ஜி.ஆர். என்றால் இரட்டை இலை. தேர்தல் ஆணையம் அதை யாருக்கும் தராமல் முடக்கியது. ஜெயலலிதா தரப்புக்குச் சேவல் கிடைத்தது, ஜானகி தரப்புக்கு இரட்டைப் புறா கிடைத்தது.

வாக்குப்பதிவு 1989 ஜனவரி 21. புதிய சின்னத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கிடைத்தது சில வாரங்கள்தான். அப்போது நான் சின்னப் பையன். எங்கள் தெருவில் சுவர் எழுதுகிறவர் இரட்டை இலையைக் கண்ணை மூடிக்கொண்டே வரைவார். சேவல் வரைய வந்த நாளில் வால் இறகிலேயே வெகுநேரம் நின்றார். கொண்டைக்குச் சிவப்பு, வாலுக்குக் கறுப்பும் பச்சையும். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். எதிர்ச்சுவரில் இன்னொருவர் புறா வரைந்தார். அது எளிது, வெள்ளைச் சுவரில் கோடு மட்டும் போதும். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் சேவல்தான் கண்ணில் படும்.

இந்த வித்தியாசத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. சேவல் தமிழ் நாட்டுப்புறத்தில் ஊறிய பறவை. முருகன் கொடியில் இருப்பது, விடியலில் எழுப்புவது, ஆடுகளத்தில் காலில் கத்தி கட்டிச் சண்டை போடுவது. புறா சாதுவானது, மாடத்தில் குனுகிக்கொண்டிருப்பது. கட்சியை யார் விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டுப் பிடிப்பார்கள் என்பதுதான் அன்றைய கேள்வி. அந்தக் கேள்விக்குச் சேவல் பொருத்தமாக அமைந்துவிட்டது. யாரும் திட்டமிட்டிருக்காத பொருத்தம்.

முடிவில் ஜெயித்தது சேவலா, புறாவா?

இரண்டும் இல்லை, உதயசூரியன். நான்குமுனைப் போட்டியில் தி.மு.க. 150 இடங்களைப் பிடித்து 13 வருடங்களுக்குப் பிறகு ஆட்சிக்கு வந்தது. ஜெ. அணிக்கு 27, காங்கிரஸுக்கு 26. ஜா. அணி அடியோடு சரிந்தது; ஜானகியே ஆண்டிப்பட்டியில் தோற்றார். அவர் பக்கம் நின்ற சிவாஜி கணேசன் திருவையாற்றில் தோற்றார். ஜெயலலிதா போடிநாயக்கனூரில் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவரானார்.

சேவலும் புறாவும் வாங்கிய வாக்குகளைக் கூட்டினால் தி.மு.க.வின் வாக்குகளை ஏறக்குறைய நெருங்கிவிடும். அந்தக் கூட்டல் இரு தரப்புக்கும் உடனே புரிந்தது. ஜானகி ஒதுங்கினார், அணிகள் இணைந்தன, பிப்ரவரியில் இரட்டை இலை திரும்பி வந்தது. தள்ளிவைக்கப்பட்டிருந்த மதுரை கிழக்கு, மருங்காபுரி தொகுதிகளில் மார்ச்சில் வாக்குப்பதிவு நடந்தபோது இரட்டை இலைதான் ஜெயித்தது.

சின்னத்தால்தான் ஜானகி தோற்றாரா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். மக்கள் முன்பே ஆளைத் தீர்மானித்துவிட்டார்கள். சின்னம் அந்த ஆளுக்கு ஒரு முகம் கொடுத்தது, அவ்வளவுதான்.

2017ல் கட்சி உடைந்தபோது தொப்பியும் மின்கம்பமும் வந்தனவே, விலங்கு ஏன் வரவில்லை?

ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்காக இரட்டை இலை மறுபடி முடக்கப்பட்டபோது டி.டி.வி. தினகரனுக்குத் தொப்பி, ஓ. பன்னீர்செல்வம் தரப்புக்கு இரட்டை விளக்கு மின்கம்பம். 1989ல் நடந்ததுபோலச் சேவலைக் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. ஏனென்றால் 1990களின் தொடக்கத்திலிருந்து ஆணையம் விலங்கு, பறவைச் சின்னங்களைப் புதிதாக யாருக்கும் ஒதுக்குவதில்லை. புதிய கட்சி தானே ஒரு சின்னத்தை வரைந்து கேட்டாலும் அதில் பறவையோ விலங்கோ இருக்கக்கூடாது என்று சின்னங்கள் ஆணையிலேயே இருக்கிறது.

ஏன் நிறுத்தினார்கள்?

உயிருள்ள பிராணிகள் பட்ட பாடுதான் காரணம். சின்னம் கிளி என்றால் கூண்டில் கிளி, சேவல் என்றால் கம்பத்தில் காலைக் கட்டித் தொங்கவிட்ட சேவல், மாடு என்றால் நாள் முழுக்க வெயிலில் ஊர்வலம். கொட்டு, வெடி, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் நடுவில். பிராணி நல அமைப்புகள் ஆணையத்திடம் முறையிட்டன. ஆணையம் அதை ஏற்றுக்கொண்டது.

எனக்கு விலங்குச் சின்னங்கள் மேல் பிரியம் உண்டு. வாக்குச்சீட்டில் சீப்பும் வாளியும் கேஸ் அடுப்பும் வரிசையாக இருப்பதைவிட ஒரு சேவல் இருந்தால் மனதில் நிற்கும். ஆனாலும் இந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். தலைகீழாகத் தொங்கிய கோழியை நான் பார்த்திருக்கிறேன். வாக்கு கேட்க அது தேவையில்லை.

அப்படியானால் மாயாவதியின் யானை மட்டும் எப்படி?

ஏற்கெனவே ஒதுக்கி, மக்கள் மனதில் பதிந்துவிட்ட சின்னங்களை ஆணையம் பிடுங்கவில்லை. பகுஜன் சமாஜுக்கு யானை, ஃபார்வர்டு பிளாக்குக்குச் சிங்கம், கோவாவில் மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சிக்குச் சிங்கம், நாகாலாந்தில் நாகா மக்கள் முன்னணிக்குச் சேவல், அசாமில் அசாம் கண பரிஷத்துக்கு யானை.

ஆமாம், யானை இரண்டு கட்சிகளிடம் இருக்கிறது. அதனால் அசாமில் மட்டும் பகுஜன் சமாஜ் வேட்பாளர்கள் வேறு சின்னம் வாங்கித்தான் நிற்க வேண்டும்.

அது அம்பேத்கரின் யானை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. முதல் பொதுத்தேர்தலில் அம்பேத்கர் பம்பாயில் யானைச் சின்னத்தில் நின்று தோற்றார். அவர் மறைவுக்குப் பிறகு 1957ல் இந்தியக் குடியரசுக் கட்சி உருவானது. யானை அங்கே வந்தது. 1984 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளில் கன்ஷிராம் பகுஜன் சமாஜ் கட்சியைத் தொடங்கினார். பின்பு யானை அவரிடம் வந்து சேர்ந்தது. எண்ணிக்கையில் பெரியவர்கள், தங்கள் பலத்தை அறியாதவர்கள், எழுந்து நடந்தால் யாரும் தடுக்க முடியாதவர்கள் என்று பகுஜன் மக்களுக்கு யானை அப்படியே பொருந்தியது. ஒரு சின்னத்தில் இவ்வளவு வரலாறு சேர்ந்திருப்பதை இந்தியாவில் வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

அதே யானைக்கு 2007ல் இன்னொரு அர்த்தம் ஏறியது. உத்தரப் பிரதேசத்தில் பிராமண வாக்குகளையும் சேர்க்க விரும்பிய கட்சி, "இது யானை இல்லை, கணேசர்; பிரம்மா, விஷ்ணு, மகேசர்" என்று இந்தியில் முழங்கியது. 403ல் 206 இடங்கள் கிடைத்துத் தனிப் பெரும்பான்மை வந்தது.

ஆட்சியில் இருந்தபோது லக்னோவிலும் நொய்டாவிலும் பூங்காக்களில் கல் யானைகள் எழுந்தன. 2012 தேர்தலுக்கு முன், அரசுப் பணத்தில் நிற்கும் சின்னம் கட்சிக்கு விளம்பரமாகிவிடும் என்று அவற்றையெல்லாம் மூடச் சொன்னது ஆணையம். துணியும் பிளாஸ்டிக்கும் சுற்றப்பட்டன. "திறந்திருக்கும் யானை லட்சம் பெறும், மூடிய யானை ஒன்றேகால் லட்சம் பெறும்" என்றார்கள் அக்கட்சியினர். நம் ஊர் 'யானை இருந்தாலும் ஆயிரம் பொன்' அங்கே இப்படி இருக்கிறது. ஆனால் அந்தத் தேர்தலில் சமாஜ்வாதியின் சைக்கிள்தான் ஜெயித்தது.

பசு, சேவல், யானை எல்லாம் சாமியோடு சம்பந்தப்பட்டவை. மதச் சின்னம் ஆகாதா?

ஆணையம் ஒதுக்கிய சின்னத்தையே மதச் சின்னமாகக் கருதக்கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இப்போது இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தும் விதத்தில் சிக்கல் வரலாம். 1957 தேர்தலில் பீகாரின் சிங்பூம் பகுதியில் ஜார்க்கண்ட் கட்சிக்குச் சேவல் சின்னம். அங்குள்ள ஆதிவாசிகள் தெய்வத்துக்குச் சேவல் பலியிடும் வழக்கம் உள்ளவர்கள். அக்கட்சியின் துண்டறிக்கை ஒன்றில் சேவலே வாக்காளரிடம் பேசி, வாக்கைத் தீனியாகக் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சேவல் சின்னமாக இருந்தது தவறில்லை, அதைத் தெய்வத்தோடு முடிச்சுப் போட்டு வாக்கு கேட்டது தவறு என்று முடிவாகி, ஜெயித்தவர் பதவி இழந்தார்.

இலங்கையிலும் யானை உண்டே?

உண்டு. ஐக்கிய தேசியக் கட்சியை 'யானைக் கட்சி' என்றே சொல்வார்கள். மலையகத் தமிழர்களின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸுக்குச் சேவல். தோட்டங்களில் அதன் தலைவர் தொண்டமான் பெயரும் சேவலும் சேர்ந்தே ஒலித்தன. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. வாக்குச்சீட்டில் சின்னத்துக்கு நேரே போடும் பெருக்கல் குறியை ஈழத்தமிழில் 'புள்ளடி' என்பார்கள், பறவையின் காலடி. சேவலுக்குப் புள்ளடி போடுவது எவ்வளவு அழகான தமிழ்!

யானையிலிருந்து பிரிந்தவர்களும் பறவைகளைத்தான் நாடினார்கள். அன்றைய அதிபர் பிரேமதாசாவோடு மோதி வெளியேறிய லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க அணிக்கு இராஜாளி. பிறகு 2010, 2015, 2019 அதிபர் தேர்தல்களில் யானையை ஓரமாக வைத்துவிட்டு அன்னச் சின்னத்தில் வேட்பாளரை நிறுத்தினார்கள். 2020ல் சஜித் பிரேமதாச அணி யானை இல்லாமல் தொலைபேசிச் சின்னத்தில் நின்று 54 இடங்கள் பெற்றது. யானையை வைத்திருந்த தாய்க்கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு தேசியப்பட்டியல் இடம். 1989ல் இங்கே பாடுபட்டு இரட்டை இலையை மீட்டதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், பழைய சின்னம் எப்போதும் காப்பாற்றிவிடும் என்று நம்ப முடியவில்லை.

அமெரிக்காவின் கழுதையும் யானையும் இதே மாதிரிதானா?

இல்லை. அவை யாரும் ஒதுக்கியவை இல்லை, கேலிச்சித்திரத்தில் பிறந்தவை. 1828ல் ஆண்ட்ரூ ஜாக்சனை எதிரிகள் கழுதை என்று திட்டினார்கள். தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில் 1870ல் ஜனநாயகக் கட்சியினருக்குக் கழுதையையும் 1874ல் குடியரசுக் கட்சிக்கு யானையையும் வரைய, அவை நிலைத்துவிட்டன.

சின்னத்தில்தான் கூடாது, கொடியில் விலங்கு இருக்கலாமா?

இருக்கலாம். கொடிக்கு ஆணையம் அனுமதி கொடுப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. நாம் தமிழர் கட்சியின் கொடியில் புலி இருக்கிறது. வாக்குச்சீட்டில் அவர்களுக்கு 2016ல் இரட்டை மெழுகுவர்த்தி, 2019ல் கரும்பு விவசாயி, 2024ல் மைக். 2024 ஆகஸ்டில் விஜய் தன் தமிழக வெற்றிக் கழகத்தின் கொடியை அறிமுகப்படுத்தியபோது வாகைப்பூவுக்கு இருபுறமும் யானைகள் நின்றன. அது எங்கள் சின்னம் என்று பகுஜன் சமாஜ் கட்சி எதிர்ப்புத் தெரிவித்து நீதிமன்றமும் போனது.

விலங்கைக் கொடியில் ஏற்றுவது நமக்குப் புதிதும் இல்லை. சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன், சேரனுக்கு வில். மூவரில் இருவர் உயிருள்ளதைத்தான் எடுத்தார்கள்.

இன்றைக்குப் பிரச்சாரத்துக்குக் காளையையோ யானையையோ அழைத்து வரலாமா?

பிரச்சாரத்தில் விலங்குகளை எந்த வகையிலும் பயன்படுத்த வேண்டாம் என்று ஆணையம் கட்சிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. துன்புறுத்தினால் 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. வேட்புமனுவுக்கு மாட்டு வண்டியில் போகலாமா, ஜல்லிக்கட்டுக் காளையோடு படம் எடுத்து நோட்டீஸ் அடிக்கலாமா என்று கேட்பவர்கள் முதலில் அந்த ஊர்த் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். ஊர்வலத்தில் யாராவது பிராணியைக் கட்டி இழுத்து வருவதைப் பார்த்தால், எந்தக் கட்சி என்று பார்க்காமல், அதே அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.